அண்ணன் விரித்த புல்

அண்ணன் அன்று காலையிலேயே இறந்துவிட்டான். அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியாது.

அவன் வேலைக்குப் போயிருந்த வளைகுடா நாடு விடுதலையாகி ஐம்பது வருஷமாம். அதைக் கொண்டாட, எங்கெங்கோ இருந்து அணிகளைக் கூப்பிட்டு, அந்த ஒரு தடவைக்கென்றே ஒரு கால்பந்துப் போட்டி வைத்தார்கள். அந்த மைதானத்தில் புல் விரித்துத் தண்ணீர் விடுவதுதான் அண்ணனுக்கு வேலை.

"கோரைப்பாய் மாதிரி சுருட்டிக் கொண்டாருவாங்கம்மா. நாங்க விரிக்கணும்" என்று போனில் சொன்னான்.

"அட போடா! நம்ம ஊர்ல புல்லப் புடுங்கக் கூலி, அங்க விரிக்கக் கூலியா?" அம்மா சிரித்தாள். கீழ்வேளூர் பக்கத்து வயல்களில் களையெடுத்தே வளைந்த முதுகு அவளுக்கு.

"மேட்ச் பாதியில புல்லுக்குத் தண்ணி விட வருவேன். பச்சச் சட்ட. நல்லாப் பாரு."

போட்டியன்று அம்மா அடுப்பு மூட்டப் போனபோது சித்தி தடுத்தாள்.

"இன்னிக்கு ஒல வைக்காதக்கா. நான் ஆக்கிக் கொண்டாரேன்."

பக்கத்து வீடுகளிலிருந்தும் சோறு வந்தது. சாவு வீட்டில்தான் அடுப்பு மூட்டமாட்டார்கள், அக்கம்பக்கம்தான் சோறு போடும். அம்மாவுக்கு அது தெரியாதா? மகன் டிவியில் வரப்போகிற சந்தோஷத்தில் ஒன்றும் தோன்றவில்லை.

"என்னங்கடி, எம்புள்ள டிவியில வர்றதுக்கு விருந்தா?"

யாரும் சிரிக்கவில்லை.

முந்தின நாள் வெயிலில் சுருண்டு விழுந்த அண்ணன் ஆஸ்பத்திரியில் கண்ணே திறக்காமல் போய்விட்டான் என்று அவனோடு வேலை பார்த்தவர் அன்று காலை அப்பாவுக்குப் போன் செய்திருந்தார். "மேட்ச் முடியட்டும். ஒரு தடவ சந்தோஷமாப் பாத்துக்கட்டும்" என்று அப்பாதான் எல்லோரிடமும் கெஞ்சினாராம். சித்தி பிறகு சொன்னாள்.

சாயங்காலம் வீடு நிறைய ஜனம். பந்து எங்கே போகிறதென்று அம்மா பார்க்கவே இல்லை. பாதி ஆட்டம் முடிந்ததும் பச்சைச் சட்டை போட்ட சிலர் குழாயை இழுத்துக்கொண்டு வந்தார்கள். முகம் தெரியவில்லை.

"அதோ! எம்புள்ள நடை! அவன்தானேங்க?"

"ஆமா, அவன்தான்" என்றார் அப்பா, டிவியைப் பார்க்காமல். சித்தி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

"போன் பண்ணுனான்னா, பாத்துட்டோம்னு சொல்லுங்க" என்றாள் அம்மா.

"நான்தான் மொதல்ல சொல்லுவேன்!" என்று நான் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். செல்போனை என்னைத் தொடக்கூட விடாதவர் அவர்.

"சரிம்மா, நீயே சொல்லு" என்று என் கையில் வைத்தார்.

அவ்வளவு சுலபமாக ஏன் கொடுத்தார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு, அண்ணன் எப்போது கூப்பிடுவான் என்று உட்கார்ந்திருந்தேன்.