நடக்க இயலாத ஆதியம்மாள்

‘பயணி நடக்க இயலாதவர், படியேற இயலாதவர், சக்கர நாற்காலி அவசியம்’ என்றது ஆதியம்மாளின் விமான டிக்கெட். அந்த வரி அச்சான அன்று காலையில்தான் அவர் திருவிடந்தைக் கரையில் மீன் ஏலம் எடுத்து, பஸ் வராததால் கூடையைத் தலையில் வைத்துக் கோவளம்வரை நடந்தே போய் விற்றுவிட்டு வந்திருந்தார்.

இதைப் பொய் என்பது நாகரிகமில்லை. மகள் யோகேஸ்வரிக்கு அமெரிக்காவில் பட்டமளிப்பு விழா. ஐரோப்பாவில் விமானம் மாற வேண்டும். ஆதியம்மாளுக்கு ஆங்கிலம் தெரியாது. இரண்டாயிரத்துக்குப் பிறகு நம் பெற்றோர்கள் கண்டுபிடித்த மிகச் சிறந்த மொழிபெயர்ப்பாளர் சக்கர நாற்காலிதான். உட்கார்ந்தால் போதும், யாராவது தள்ளிக்கொண்டுபோய்ச் சரியான வாசலில் விடுவார்கள்.

டிக்கெட் போட்டுக் கொடுத்த செங்கல்பட்டு சுதாகர் அறிவுரையும் இலவசமாகக் கொடுத்தான். “குடுக்கிற சாப்பாட்ட வேணாங்காதக்கா. ஜன்னலத் தொறக்கப் பாக்காத. முக்கியமா, நாற்காலிய வுட்டு ஏந்திரிக்காத. கால் நல்லாதான் கீதுன்னு திருப்பி அனுப்பிடுவான்.”

ஆதியம்மாள் மீன் தராசிலேயே பெட்டியை எடை போட்டார். விமான நிலையத் தராசும் அதையே சொன்னது. விமானத்தில் வெண்ணெய்க் கட்டியை ரொட்டியில்லாமல் தனியாகவே தின்றார். ஜன்னலைத் தொடவில்லை. பறப்பது என்பது பெரும்பாலும் உட்கார்ந்திருப்பதுதான் என்று அவருக்குப் புரிந்தது.

ஐரோப்பாவில் தள்ளிவந்த ஆள் அவரை ஒரு தூணோரம் நிறுத்திவிட்டுப் போனவன், திரும்பவே இல்லை. பக்கத்துச் சக்கர நாற்காலியில் இன்னொரு தமிழர், அதே விமானத்துக்காகக் காத்திருந்தார். கல்பாக்கத்தில் ஓய்வுபெற்ற கேசவன்.

“காலு இன்னா ஆச்சி, சார்?”

“மூட்டும்மா. உங்களுக்கு?”

“எனுக்கும் அதே பேஜாருதான்.”

இருவரும் ஒருவருக்காக ஒருவர் வருந்தினார்கள். கேசவன் அறிவிப்புப் பலகையைப் பார்த்தார். முகம் மாறியது.

“நம்ம ஃப்ளைட்டுக்குக் கடைசி அழைப்பு போட்டுட்டான்.”

“இத்த வுட்டா?”

“அடுத்தது நாளைக்குத்தான்.”

நாளைக்குள் யோகேஸ்வரி பட்டம் வாங்கி முடித்திருப்பாள். ஆதியம்மாள் இரண்டு பக்கமும் பார்த்தார். எழுந்து, புடவையை இழுத்துச் செருகி, தன் பையைக் கேசவனின் மடியில் வைத்தார்.

“நீ வழி சொல்லு சார், நான் தள்றேன்.”

“அம்மா, உங்க மூட்டு...”

“அது திருவிடந்தைலயே கீது. லெஃப்டா, ரைட்டா?”

சறுக்குமரத்தில் விட்டதுபோல் நாற்காலி பறந்தது. வாசனைத் திரவியக் கடைகள், சூட்கேஸ் இழுத்த வெள்ளைக்காரர்கள், ஒரு நாய்க்குட்டி, எல்லாம் ஒதுங்கின. “லெஃப்ட், லெஃப்ட்” என்று கேசவன் ஒரு கையால் பையையும் மறு கையால் கண்ணாடியையும் பிடித்துக்கொண்டார். நடுவில் சிரிப்பு வேறு வந்துவிட்டது, இருவருக்கும்.

வாசலில் சீருடைப் பெண் கதவைச் சாத்தக் கை வைத்திருந்தாள். “ஒரு நிமிஷம்” என்று தமிழில் கத்தியபடி கேசவன் நாற்காலியிலிருந்து குதித்து ஓடிப்போய்க் கதவைப் பிடித்தார்.

ஆதியம்மாள் மூச்சு வாங்க நின்றார். “யோவ். நல்லா ஓடுறியே.”

“தினம் ஷட்டில் ஆடுறேம்மா. எழுந்தா திருப்பி அனுப்பிடுவான்னு பையன் சொன்னான்.”

“முன்னாடியே சொல்லிருக்கலாம்ல?”

“நல்லாத் தள்ளினீங்க.”

சீருடைப் பெண் டிக்கெட்டுகளைப் பார்த்தாள், அவர்கள் கால்களைப் பார்த்தாள், வழிவிட்டாள்.

நடக்க இயலாத ஆதியம்மாள், நடக்கத் தெரிந்த ஒருவரை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு ஓடி, விமானம் பிடித்து, மகள் பட்டம் வாங்கியதை நின்றுகொண்டே பார்த்தார்.