சிலேட்டில் ஏறிய கொடி

மகள் கணினியில் எழுதிய விளையாட்டில், பந்து நகரும்போதெல்லாம் திரை விட்டுவிட்டு மின்னியது.

"அழிக்கிறதைக் காட்டாதேம்மா. மறைவா இன்னொரு திரையில அடுத்ததை வரைஞ்சு, முடிஞ்சதும் மாத்து" என்றேன்.

சரியாக வந்தது. "இதை எங்கே கத்துக்கிட்டீங்கப்பா?" என்றாள்.

சிறுவயதில் நாங்கள் காஜா பெராங் ஊரில் இருந்த வீட்டில்தான். மெர்டேக்கா எனும் சுதந்திர தினத்தன்று தம்பிக்கு அம்மை. கொடியேற்றம் பார்க்க முடியவில்லை என்று அழுதான். வேப்பிலை வாசமடித்த அறையில் அக்கா சிலேட்டில் கொடி வரைந்தாள். ஈரத்துணியால் அழித்து, சற்று மேலே மறுபடி வரைந்தாள்.

"கொடி காணாமப் போவுதுக்கா!" என்று தம்பி சிணுங்கினான்.

அவன் அக்காவின் சிலேட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நான் என்னுடையதில் அடுத்த கொடியை வரைந்து சட்டென்று முன்னால் வைத்தேன். அதற்குள் அக்கா அடுத்ததை வரைந்தாள். மாறி மாறி வைத்ததில் கொடி மறையாமல் உச்சிக்கு ஏறியது.

தம்பி பாயில் எழுந்து உட்கார்ந்து, "மெர்டேக்கா!" என்று கத்தினான். பக்கத்து வீட்டிலிருந்தும் யாரோ பதிலுக்குக் கத்தினார்கள்.