சிவப்புப் பொட்டு வைத்த பேரிங்

தெருவில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை அவரே மறந்திருப்பார். பலகை வாங்கப் போனால் நகத்தால் கீறிப் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், பிறகு கடைக்காரர் முகத்தையும் ஒருமுறை பார்ப்பார். தச்சுப் பட்டறை ஆரம்பித்த புதிதில் எவனோ ஒருவன், பொந்து விழுந்த மரத்தில் மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்து அவர் தலையில் கட்டிவிட்டுப் போனான். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகாது என்பார்கள். இவர் அடுப்பு இருக்கிற வீட்டையே நம்பாதவராகிவிட்டார்.

அவர் நம்பியது அந்தப் பழைய இழைப்பு மெஷினைத்தான். பலகையை உள்ளே தள்ளிவிட்டுச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார், பிளேடு மழுங்கிவிட்டதா, மரத்தில் ஈரம் இருக்கிறதா என்று. "மனுஷன் பொய் சொல்லுவான், மெஷின் சொல்லாது" என்பது அவர் வாய்ப்பாடு.

அந்த மெஷினைப் பற்றித்தான் மைத்துனன் வாயைத் திறந்தான். மனைவியின் தம்பி, பட்டறையில் கூட்டாளி.

"மாமா, மெஷின் கீச்சுகீச்சுன்னு கத்துது. பேரிங் தேஞ்சுபோச்சு."

இவர் பக்கத்தில் நின்று கேட்டார். என்றைக்கும் கேட்கிற அதே உறுமல். "எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"என்னங்க நீங்க, சமையல்கட்டு வரைக்கும் கேக்குது. பல்லு கூசுது" என்றாள் மனைவி.

அக்காவும் தம்பியும் ஒரே பாட்டைப் பாடினால் சந்தேகம் வராதா? அவருக்கு ஏற்கெனவே வந்திருந்தது. சில மாதங்களாகவே அந்த இரண்டு பேரும் காதும் காதும் வைத்தமாதிரி ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். உதடு அசையும், சத்தம் வராது. இவர் கிட்டே போனால் பேச்சு நின்றுவிடும். அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். முதலில் பழைய மெஷின் கெட்டுவிட்டது என்பார்கள். பிறகு அதைத் தூக்கிப் போடுவார்கள். பழைய ஆளைத் தூக்கிப் போட எவ்வளவு நேரம் ஆகும்?

"மெக்கானிக்கைக் கூப்பிடு. என் கண்ணு முன்னாடி பிரிக்கட்டும். பேரிங் நல்லா இருந்துச்சுன்னா, உன் தம்பி இந்தப் பட்டறை வாசலை மிதிக்கக் கூடாது" என்றார் மனைவியிடம். அவள் தலை குனிந்து ஏதோ சொன்னாள். என்ன என்று காதில் விழவில்லை. பார், இப்போதுகூட முணுமுணுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

மெக்கானிக் வந்தான். மைத்துனனுக்குத் தெரிந்தவனாம், அப்படியானால் கூட்டுக் களவாணி. பூதக்கண்ணாடி ஸ்டூலைப் போட்டு மெஷினை ஒட்டி உட்கார்ந்துகொண்டார். மெக்கானிக் பெல்ட்டைக் கழற்றி, பிளேடுகளை எடுத்து, பிளேடு சுற்றும் தண்டின் இரண்டு முனைகளிலும் இருந்த மூடிகளைத் திறந்ததும், இவர் "கொஞ்சம் தள்ளு" என்று குனிந்து, தண்டில் இருந்த இரண்டு பேரிங்கிலும் சிவப்புப் பெயிண்டால் ஆளுக்கொரு புள்ளி வைத்தார். வேறு எதையாவது காட்டி ஏமாற்ற முடியாதல்லவா.

"என்னண்ணே, பேரிங்குக்குப் பொட்டு வைக்கிறீங்க?"

"கல்யாணம் பண்ணிவைக்கப் போறேன். நீ வேலையைப் பாரு."

'புல்லர்' என்ற இழுப்புக் கருவியை மாட்டி முறுக்கி முறுக்கி அவன் பழைய பேரிங்குகளை இழுத்தெடுத்து ஒரு தட்டில் போட்டான். புதியவற்றை எண்ணெயில் போட்டுச் சூடாக்கியபோது, "பொரிச்சுத் திங்கவா?" என்று கேட்டார் இவர். சூட்டில் வளையம் விரியும், அப்போதுதான் தண்டில் வழுக்கிக்கொண்டு போகும், சுத்தியலால் அடித்தால் புதியதும் பாழாகிவிடும் என்று அவன் விளக்கினான். விளக்கம் நீளமாக இருந்ததே அவருக்குப் பிடிக்கவில்லை.

எல்லாம் மாட்டி முடித்து மைத்துனன் சுவிட்சைப் போட்டான். மெக்கானிக் சிரித்தான். பின்வாசலில் நின்ற மனைவி, "அப்பாடா!" என்று நெஞ்சில் கை வைத்தாள்.

பூதக்கண்ணாடிக்கு அதே உறுமல்தான் கேட்டது. கொஞ்சமும் மாறவில்லை.

"நிறுத்துடா" என்றார். மெஷின் ஓய்ந்தது. "மூணு பேரும் நல்லா நடிக்கிறீங்க. முன்னாடி எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்கு. நல்லா இருந்த பேரிங்கைப் பிடுங்கியிருக்கீங்க." மைத்துனன் முகம் கறுத்துவிட்டது. தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினான், கிளம்புகிறவன் மாதிரி.

அத்தாட்சிக்காகப் பழைய பேரிங்கைத் தட்டிலிருந்து எடுத்தார். சிவப்புப் பொட்டு இருந்தது, அவர் வைத்ததேதான். விரலில் மாட்டிச் சுற்றினார். சுற்றவில்லை, மணலை அரைக்கிற மாதிரி நறநறவென்று விரலில் இடறியது. வெளிவளையம் ஆடும் பல்லைப்போல ஆடியது. இன்னொன்றையும் சுற்றினார். அது இதைவிட மோசம். இப்படிப்பட்ட பேரிங் ஓடும்போது தெருவுக்கே கேட்கும், அது அவருக்குத் தெரியாததா?

அவருக்கு முதலில் கோபம்தான் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தேடிப் பார்த்தார், ஆள் கிடைக்கவில்லை. அப்புறம் பயம் வந்தது.

"நீயும் உன் தம்பியும் குசுகுசுன்னு பேசிக்கிறீங்களே..." என்றார் மனைவியிடம்.

அவள் கிட்டே வந்தாள். "குசுகுசுன்னா? எப்பவும் பேசுற மாதிரிதாங்க பேசறோம். நான் எது சொன்னாலும் நீங்க திரும்பிக்கூடப் பாக்கறதில்ல. என்னைப் பிடிக்காமப் போச்சுன்னு நினைச்சேன். அதான் நீங்க வந்தா பேச்சை நிறுத்திடுவேன்."

பேரிங்கைத் தட்டில் வைத்தார். போய்ச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். "அங்க பின்வாசல்ல நின்னு என்னைக் கூப்பிடு. மெதுவா."

காத்திருந்தார். பட்டறை அமைதியாக இருந்தது. சுவரில் மாட்டியிருந்த உளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நின்றார். கடைசியில் தாங்க முடியாமல் திரும்பினார்.

"கூப்பிட்டியா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆமென்று தலையை ஆட்டினாள்.

மைத்துனனைப் பார்க்கவில்லை, மெக்கானிக்கைச் சாட்சிக்கு அழைக்கவில்லை, கீறிப் பார்க்கவோ முகர்ந்து பார்க்கவோ அவரிடம் ஒன்றும் இல்லை.

"சரி" என்றார் பூதக்கண்ணாடி. "நீ சொன்னா கூப்பிட்டிருப்ப."