தழைதானே, இன்னா பண்ணிடும்?

காப்பித் தூள் வாங்கிய கண்ணாடி பாட்டில் ஒன்று என் அடுப்படி அலமாரியில் இருக்கிறது. எத்தனையோ முறை கழுவிவிட்டேன். மூடியைத் திறந்தால் இன்னும் லேசாகக் கசப்பு வாசம் வரும். அண்ணி இருந்தவரை அதில் சாம்பல் பச்சையாக ஒரு பொடி இருக்கும். விடிந்ததும் வெறும் வயிற்றில், அந்தப் பொடியை வெந்நீரில் கலக்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடிப்பாள். கண்ணைத் திறக்காமலேயே கையை நீட்டுவாள். அந்தக் கையில் நான் ஒரு வெல்லக்கட்டியை வைக்கவேண்டும். எங்கள் வீட்டில் பொழுது அப்படித்தான் தொடங்கும்.

அண்ணன் கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே லாரியில் அடிபட்டுப் போய்விட்டான். தாய்வீட்டுக்கு அழைத்துப்போக வந்தவர்களிடம், "பாப்பாவ தனியா உட்டுட்டு எப்டி வர்றது?" என்று கேட்டுவிட்டு அண்ணி இங்கேயே தங்கிவிட்டாள். பாப்பா என்பது நான்தான்; அப்போதே ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்து சம்பாதித்துக்கொண்டிருந்த கழுதை. அண்ணி ஆம்பூரில் ஒரு தோல் பேக்டரியில் சேர்ந்தாள். பதனிடுகிற குரோம் உப்பு ஏறி நீல நிறமாக வெளியே வரும் ஈரத்தோலைப் பிரித்து அடுக்குகிற வேலை. கையுறை கொடுப்பார்கள். போட்டால் தோல் வழுக்குகிறது என்று கழற்றிவிடுவாள். அவள் மட்டுமல்ல, கூட இருந்த எல்லோருமே அப்படித்தான்.

உள்ளங்கை வெடித்து, அரிப்பு முழங்கை வரை ஏறியது. சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டாள். தோல் வேலைக்குப் போகிறவர்களிடையே ஒரு நம்பிக்கை உண்டு: கெமிக்கல் ரத்தத்தில் இறங்கிவிட்டால் கசப்பால்தான் கழுவவேண்டும், எவ்வளவு கசக்கிறதோ அவ்வளவு சுத்தம். யாரோ ஆடுதின்னாப்பாளையைச் சொன்னார்கள். வயல் வரப்புகளில் தரையோடு படர்கிற கொடி. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் பாலாற்றுப் பக்கம் போய்ப் பறித்து வருவோம். மொட்டைமாடியில் உலர்த்தி, தும்மிக்கொண்டே மிக்ஸியில் அரைப்பாள். "இவ்ளோ வேணுமா அண்ணி?" என்றால், "கெமிக்கல்தான் விஷம். இது தழைதானே, இன்னா பண்ணிடும்?" என்பாள். அரிப்பும் நிஜமாகவே அடங்கியது. அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. அது அடங்கித் தொலைக்காமல் இருந்திருந்தால் அப்போதே நிறுத்தியிருப்பாள்.

போகப்போக முகம் ஊதியது. படி ஏறினால் மூச்சு வாங்கியது, சோற்றைப் பார்த்தாலே குமட்டியது. வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டரம்மா, "என்ன மருந்தெல்லாம் சாப்பிடறீங்க?" என்று கேட்டார். அண்ணிக்குப் பெருமை தாங்கவில்லை. "தலவலிக்குக்கூட ஒரு மாத்திர போட்டதில்ல மேடம்." அவள் பொய் சொல்லவில்லை. அவளைப் பொறுத்தவரை தழை மருந்தே இல்லை. மறுநாள் காலையில் வார்டிலேயே பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் கலக்கிக் குடித்துவிட்டுக் கையை நீட்டினாள். நான் வெல்லத்தை வைத்தபோது டாக்டரம்மா பின்னால் நின்றிருந்தார். பாட்டிலை வாங்கி முகர்ந்தார், பெயரைக் கேட்டார். பிறகு கட்டிலிலேயே உட்கார்ந்து, திட்டாமல் சொன்னார். அந்தச் செடிக்குள்ளேயே ஒரு நஞ்சு இருக்கிறது, அது சிறுநீரகத்தைத் தழும்பாக்கிச் சுருக்கிவிடும், புற்றுநோயைக்கூடக் கொண்டுவரும், இனி நிறுத்தினாலும் போனது திரும்பாது.

"அப்போ அரிப்பு நின்னுச்சே, அது பொய்யா மேடம்?"

"அது நெஜம்தாம்மா. இதுவும் நெஜம்."

அப்புறம் டயாலிசிஸ். ஆம்பூரிலிருந்து காட்பாடிக்கு ரயில், அங்கிருந்து பஸ். திரும்பும்போது என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவாள். அடுத்த மழைக்காலத்தைப் பார்க்கவில்லை. பாப்பாவைத் தனியாக விடமாட்டேன் என்றவள் விட்டுவிட்டுப் போனாள். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது, இப்போதும் வருகிறது. விடியற்காலையில் பழக்கதோஷத்தில் வெல்லத்தை உடைத்துவிட்டு, யாருக்கு என்று நிற்பேன்.

போன வாரம், அண்ணியோடு வேலை செய்த ஒருத்தி வீடு தேடி வந்தாள். "ஒங்க அண்ணி ஒரு தழ சாப்டாங்களே, அரிப்பு நின்னுடுச்சே, அது இன்னா தழக்கா?" பேக்டரியில் எல்லோருக்கும் நினைவிருப்பது அரிப்பு நின்றது மட்டும்தான்.

"அதாலதான் அண்ணி செத்தாங்க."

"சும்மா சொல்லாதீங்கக்கா. கெமிக்கல்னால போய்ட்டாங்கன்னு எல்லாருக்கும் தெரியும்." கையை நீட்டிக் காட்டினாள். வெடித்து, ஓரமெல்லாம் கறுத்த உள்ளங்கை.

அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்து அவள் முன்னால் வைத்து, திறந்து முகரச் சொன்னேன். நடந்ததையெல்லாம் சொன்னேன், தழையின் பெயரைத் தவிர. "நாளைக்கு லீவு போடு. ஸ்கின் டாக்டராண்ட போலாம், நானும் வர்றேன்" என்றேன். நம்பினாளா என்று தெரியவில்லை. ஆனால் நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. வைப்பதற்கு என்னிடம் எதுவுமில்லாமல் அதைப் பிடித்துக்கொண்டேன். அண்ணி போனபிறகு நான் தொட்ட முதல் கை அது.