பச்சை மூடி டப்பாவில் இருந்த சுய் காவ்

எனக்குக் கோபம் வந்தா முன்ன பின்ன பார்க்க மாட்டேன். எதிர்ல நிக்கிறது யாரு, என்ன நேரம், ஒண்ணும் கண்ணுக்குத் தெரியாது. வாய் முந்திக்கும். அந்த வாயால நான் கெடுத்ததையும், அதை ஒருத்தங்க எனக்குத் தெரியாமலே முன்கூட்டிச் சரி பண்ணி வச்சிட்டுப் போனதையும்தான் எழுதப் போறேன். அவங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. பரவாயில்ல, நான் வாசிச்சுக் காட்டிக்கிறேன்.

மலேசியாவுல, ஈப்போவுல எங்களுக்கு வரிசை வீடு. பக்கத்து வீட்டுல ஒரு சீன அக்கா தனியா இருந்தாங்க. கல்யாணம் பண்ணிக்கல. நான் பிள்ளை பெத்து மூணு மாசத்துல கையுறை ஃபேக்டரி வேலைக்குத் திரும்ப வேண்டியதாப் போச்சு. என் வீட்டுக்காரர் லோரி ஓட்டுறவரு. பாரிட் புந்தார்ல அரிசி ஏத்திக்கிட்டுக் கிளம்புனா வீடு திரும்ப ரெண்டு நாளோ மூணு நாளோ. பிள்ளையை எங்க விடுறதுன்னு நான் வாசல்ல நின்னு முழிச்சுக்கிட்டு இருந்தப்ப, அந்த அக்காவே வந்து கையை நீட்டுனாங்க. "குடு தங்கச்சி, நான் பாத்துக்கிறேன்லா." நாங்க ரெண்டு பேரும் பேசுறது பாதி மலாய், பாதி அவங்க எங்க சனத்துக்கிட்ட கத்துக்கிட்ட தமிழ். இங்க எல்லாத்தையும் தமிழ்லயே எழுதிடுறேன்.

அஞ்சு வருஷம் பார்த்தாங்க. என் மகளுக்கு அவங்க 'யீமா'. கேன்டனீஸ்ல பெரியம்மாவை அப்படித்தான் கூப்பிடுவாங்க.

எனக்கு நன்றி இல்லாம இல்ல. ஆனா பொறாமையும் இருந்துச்சு, அதை மறைச்சு என்ன ஆகப் போகுது? பிள்ளை தூக்கத்துல உளறுனா சீனத்துல உளறுவா. வேலை முடிஞ்சு ஓடி வந்து, குளிச்சும் குளிக்காம சோத்தைப் பிசைஞ்சு நீட்டுனா, "யீமா வீட்ல சாப்ட்டேன்"னு முகத்தைத் திருப்பிக்குவா. பெத்தவளுக்கு வயிறு எரியுமா எரியாதா?

இந்த வருஷம் யீமா கமுந்திங்குக்குப் போக வேண்டி வந்துச்சு. அங்க அவங்க கூடப் பிறந்த அக்கா இடுப்பு எலும்பு முறிஞ்சு படுத்த படுக்கை. பார்த்துக்க வேற ஆள் இல்ல. கிளம்புற அன்னைக்கு ரெண்டு டப்பாவோட வந்தாங்க. ஒண்ணு நீல மூடி, ஒண்ணு பச்சை மூடி. ரெண்டுலயும் சுய் காவ், அதான் மெல்லிசா மாவைத் தேய்ச்சு உள்ள கோழிக்கறி வச்சு மடிக்கிற சீனக் கொழுக்கட்டை. கல்லு மாதிரி உறைஞ்சு கிடந்துச்சு. எங்க ஐஸ்பெட்டி மேல்தட்டுல அடுக்கி வச்சுட்டு, "நீல மூடியை முதல்ல எடு, அப்புறம் தண்ணியை..."னு ஆரம்பிச்சாங்க.

எனக்குச் சுருக்குன்னுச்சு. "அக்கா, கொழுக்கட்டை அவிக்க எனக்குத் தெரியாதா? என் பிள்ளைக்கு நான் ஆக்கிப் போட்டுக்குவேன். நீங்க போய்ட்டு வாங்க."

அவங்க ஐஸ்பெட்டிக் கதவை மெல்லச் சாத்துனாங்க. அப்புறம் "சரி தங்கச்சி, வாரேன்"னுட்டுப் போனாங்க.

நான் ஃபேக்டரிக்கு லீவு போட்டு வீட்டுல இருந்தேன். மறுநாள்லேர்ந்து மக சாப்பிடல. இட்லி வேணாம், சோறு வேணாம், வறுத்த மீனும் வேணாம். அடம் புடிச்சா அடிக்கலாம், மிரட்டலாம். இவ அடமும் புடிக்கல. "பசிக்கலம்மா"ன்னு மெல்லச் சொல்லிட்டு வாயை மூடிக்குவா. அரை கப் பால், ஒரு பிஸ்கட், அவ்வளவுதான் உள்ள போச்சு. நாலாம் நாள் பாலர் பள்ளியிலேர்ந்து ஃபோன். பிள்ளை தலை சுத்துதுன்னு மேசையில சாஞ்சுட்டாளாம். கிளினிக்குக்குத் தூக்கிட்டு ஓடுனேன். டாக்டரம்மா பார்த்துட்டுச் சொன்னாங்க: "நாளைக்கு மறுபடி கூட்டிட்டு வாங்க. அதுக்குள்ள சாப்பாடு ஒண்ணும் இறங்கலன்னா பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்துடுவேன். வார்டுல சேர்த்து டிரிப் ஏத்தட்டும்."

பெத்த தாய் வீட்டுல இருக்கும்போது பிள்ளைக்கு ஊசி வழியாச் சாப்பாடு! எனக்கு அழுகையும் வந்துச்சு, யார் மேலன்னு தெரியாம ஆத்திரமும் வந்துச்சு.

வீட்டுக்கு வந்ததும் நீல மூடி டப்பாவை எடுத்தேன். பாசார்ல வாங்கி வைக்கிற மீனை ஐஸ் விடட்டும்னு தண்ணியில போடுவோம் இல்லையா, அதே பழக்கத்துல அத்தனை சுய் காவையும் பேசின்ல கொட்டித் தண்ணியை ஊத்திட்டு, துணி காயப் போடப் போனேன். திரும்பி வந்து பார்த்தா பேசின் முழுக்கக் கூழ். மாவு ஊறிக் கிழிஞ்சு, கறி தனியா மிதக்குது. ஒண்ணை எடுத்தா பத்தும் சேர்ந்து வருது. விடுவேனா நான்? வழிச்சு எடுத்து இட்லித் தட்டுல வச்சு அவிச்சேன். வெந்து வந்தது ஒரே கட்டி. அதைத் தட்டுல போட்டு மக முன்னால வச்சேன்.

அவ பார்த்தா. "இது யீமா செஞ்சது இல்ல."

"யீமா, யீமா, யீமா! பெத்தவ குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன், தெரியலயா? அவ்வளவு வேணும்னா போ, உன் யீமாக்கிட்டயே போய்டு!"

அவ அழல. எழுந்து போய்ச் சப்பாத்தை எடுத்து மாட்டிக்கிட்டா, இடது வலது மாறி. பள்ளிப் பையைத் தோள்ல போட்டுக்கிட்டா. கம்பிக் கதவுக்கிட்ட போய் நின்னு, "கதவைத் தொறம்மா"ன்னா.

அப்படியே தரையில உக்காந்துட்டேன். வீம்பு, பொறாமை எல்லாம் எங்க போச்சுன்னு தெரியல. ஃபோனை எடுத்து யீமாவுக்கு வீடியோ கால் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாங்க. ஹலோகூட இல்ல. "சாப்பிட்டாளா?"ன்னுதான் கேட்டாங்க.

எல்லாத்தையும் ஒப்பிச்சேன். தலை சுத்துனது, டாக்டரம்மா சொன்னது, கூழாக்குனது, கடைசியாக் கத்துனது வரைக்கும்.

"எந்த மூடி?"

"நீலம்."

"அலமாக்." மலாய்ல அய்யய்யோன்னு அர்த்தம். "பச்சை இருக்குல்ல? அது ருசி கொஞ்சம் வேற மாதிரி. நீலத்தைத் தின்னு முடிச்சப்புறம் குடுக்கலாம்னு வச்சேன். சரி விடு. தண்ணியை வை. ஐஸ் விடாத, அப்படியே போடு."

தண்ணி தளபுளன்னு கொதிச்சதும் கல்லு கல்லா உள்ள போட்டேன். அடி புடிக்காம கரண்டி முதுகால மெல்லத் தள்ளிவிடச் சொன்னாங்க. பொங்கி வந்ததும் ஒரு கப் பச்சைத் தண்ணி ஊத்தணும். திரும்பப் பொங்குனா திரும்ப ஒரு கப். மூணு தடவை. அப்பத்தான் தோலு கிழியாம உள்ள இருக்கிற கறி வேகுமாம். யீமா குரலைக் கேட்டு மக சப்பாத்தோட அடுப்படிக்கு வந்துட்டா. நான் ஊத்த ஊத்த "யாட், யீ, சாம்"னு அவதான் எண்ணுனா. எல்லாம் வயிறு உப்பி மேல மிதந்துச்சு.

சூடு ஆறட்டும்னு ஒண்ணைப் பிச்சேன். ஆவியோட ஒரு வாசம் வந்துச்சு பாருங்க. சோம்பு, மிளகு, கறிவேப்பிலை. வாயில போட்டேன். எங்க வீட்டுக் கோழி வறுவல்!

"அக்கா! இது என் மசாலால்ல?"

"உன்னோடதுதான். தீபாவளிக்குத் தீபாவளி ஒரு போத்தல் குடுப்பியே. போன வருஷம் என் அக்கா நடக்கத் தடுமாறுனப்பவே எனக்குத் தெரியும், ஒரு நாள் நான் போகணும்னு. அப்பலேர்ந்து இவ சாப்பாட்டுல போட்டுக்கிட்டு வாரேன். முதல்ல கரண்டி நுனியில. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டுனேன். நீல டப்பாவுல பாதி அளவு, பச்சை டப்பாவுல நீ போடுற அளவு. நான் இல்லாதப்ப உன் கைச்சாப்பாடு அவளுக்குப் புடிக்கணும்ல?"

நான் யாரைப் பார்த்து வயிறு எரிஞ்சேனோ, அவங்க என் பிள்ளையை என் பக்கமா நகர்த்தி வச்சுக்கிட்டு இருந்திருக்காங்க.

மக ஒண்ணை எடுத்து ஊதுனா. ஓரத்துல கடிச்சா. மென்னா. நான் மூச்சே விடல; ஃபோன்ல அவங்களும் விட்ட மாதிரித் தெரியல. முழுங்கிட்டு ரெண்டாவதுக்குக் கையை நீட்டுனா. ஆறு தின்னா. ஆறாவதைத் தின்னுட்டு, "காரம்"னு சொல்லித் தண்ணி கேட்டா.

நான் வாய்விட்டு அழுதேன். "அக்கா, அன்னைக்கு நான் பேசுன பேச்சை மனசுல வச்சுக்காதீங்க. நீங்க செஞ்சதுக்கு நான் எத்தனை கும்பிடு போட்டாலும் பத்தாது."

"அய்யோ, நீ எப்பவும் கத்துற ஆளுதானே லா. அஞ்சு வருஷமா சுவர் வழியாக் கேக்குறேன்."

அழுகைக்கு நடுவுல சிரிப்பு வந்துடுச்சு. சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன், "நீங்க சாப்பிட்டீங்களா அக்கா?"

"ம்ம், சாப்ட்டேன், சாப்ட்டேன்."

பின்னால படுக்கையிலேர்ந்து அவங்க அக்காவோட குரல் மலாய்ல கேட்டுச்சு. "பொய். இங்க வந்த நாள்லேர்ந்து அவ சோத்தைத் தொடவே இல்ல."

ஃபோன் கட் ஆயிடுச்சு.

மறுநாள் டாக்டரம்மா பிள்ளையைப் பார்த்துட்டு டிரிப் வேணாம்னு அனுப்பிட்டாங்க. ஞாயித்துக்கிழமை சோறு, ரசம், கோழி வறுவல் எல்லாம் கட்டிக்கிட்டு மகளோட பஸ் ஏறுனேன். கமுந்திங்ல அந்த வீட்டுக் கதவு தொறந்ததும் மக என் கையை உதறிட்டு ஓடி யீமா இடுப்பைக் கட்டிக்கிட்டா. எனக்கு ஒண்ணும் எரியல. நான் யீமா முகத்தைத்தான் பார்த்தேன். கன்னமெல்லாம் ஒட்டிப் போயிருந்தாங்க.

தட்டைப் போட்டேன். "அப்புறம் சாப்பிடுறேன் தங்கச்சி"ன்னாங்க. நான் கேக்கல. அவங்க எதிர்ல உக்காந்து, ரசம் ஊத்திச் சோத்தைக் குழையப் பிசைஞ்சு, வறுவலை முள்ளெலும்பு பார்த்துப் பிச்சு வச்சு, உருண்டை புடிச்சு அவங்க வாய்க்கிட்ட நீட்டுனேன். யீமா அழுதுக்கிட்டே வாயைத் தொறந்தாங்க.