மாத்திரைப் பெட்டி நட்சத்திரம்

அவள் மாத்திரை வந்த அட்டைப்பெட்டிகளை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு மருந்து கொடுத்து, அவர்களைக் குளிப்பாட்டிப் புரட்டிப் படுக்க வைத்த கைகள். ஆனால் அவற்றுக்கு ஒரு கிறிஸ்துமஸ் நட்சத்திரம் படியவில்லை. ஒரு முனையை ஒட்டினால் இன்னொன்று வாயைப் பிளந்தது. வழவழப்பான அட்டையில் பசை நிற்கவேயில்லை.

“என்னடி அது, நசுங்கின நண்டா?” என்றாள் கட்டிலிலிருந்த அக்கா. படுத்த படுக்கையான அவளுக்குத்தான் ஜன்னலில் நட்சத்திரம் வேண்டுமாம்.

“உனக்கு வாய் மட்டும் நல்லா வேலை செய்யுது. பேசாம படுத்துக்கோக்கா.”

ஏழாவது தடவை ஒட்டி, மேலே சிவப்புக் காகிதம் சுற்றி முடிப்பதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

மறுநாள் காலை அக்காவின் மாத்திரையைக் கையில் எடுத்தபோதுதான் நினைவு வந்தது. டாக்டர் புதிதாக மாற்றிய அளவை ஒரு பெட்டியின் மேல்தான் எழுதித் தந்திருந்தார். அரையா, ஒன்றா?

“ஊருக்கெல்லாம் மருந்து குடுத்தவளாச்சே நீ!” என்று அக்கா சிரித்தாள்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முனைகளை ஒவ்வொன்றாகப் பிய்த்தாள். நான்காவதில், சிவப்புக் காகிதத்துக்கு அடியில் ‘அரை’ என்றிருந்தது. மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிட்டு, மிஞ்சிய ஒற்றை முனையை ஜன்னலில் கட்டினாள்.

“இந்த வருசம் இவ்வளவுதான். பாத்துக்கோ.”