மறுபடியும் வாங்க

முப்பத்து நான்கு வயது வரை ஷைனிக்குத் தெரிந்த தொழில் சேலை விரிப்பது. திண்டுக்கல்லில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் இரண்டாம் மாடியில் பதினோரு வருடம் நின்றாள். உட்காரும் வழக்கம் அங்கே இல்லை. நூறு சேலையைக் கலைத்துப் போட்டுவிட்டு, "பாத்துட்டு வாரோம்" என்று கிளம்புகிறவர்களிடமும் முகம் கோணாமல் "மறுபடியும் வாங்க" என்று சொல்ல வேண்டும். சொல்லிச் சொல்லி அது வாயோடு ஒட்டிக்கொண்டது. மாமனார் அடக்கத்துக்கு வந்த சனத்திடமும் வாசலில் நின்று அதையே சொன்னாள். அன்று ஒரு நாள் முழுக்கப் புருஷன் பிரிட்டோ அவளோடு பேசவில்லை.

ஓர் ஆடித் தள்ளுபடியில் நிறைமாதக்காரி ஒருத்தி மாடியேறி வந்தாள். இந்த நிலையில் வரலாமா என்று கேட்டால், தள்ளுபடி என்றால் வரத்தான் செய்வார்கள். வந்த இடத்தில் வலி எடுத்துவிட்டது. ஷைனியும் இன்னும் மூன்று பேரும் சின்னாளப்பட்டிச் சுங்குடியை விரித்து மறைவாகப் பிடித்துக்கொண்டார்கள். ஷைனி கூச்சத்தில் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். 108 வண்டியில் வந்த பெண்தான் தரையில் மண்டியிட்டுக் குழந்தையை வாங்கினாள்.

மறுநாள் கடையில் எல்லாரும் ஷைனியைப் புகழ்ந்தார்கள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. கையில் பிடித்திருந்த சேலையின் சாயம் போகுமா போகாதா என்று அவளுக்குத் தெரியும். அந்தச் சேலைக்குப் பின்னால் ஒருத்தி ஏன் அப்படிக் கத்தினாள், என்ன செய்தால் அடங்கும், ஒன்றும் தெரியாது. இத்தனைக்கும் தானும் ஒன்று பெற்றவள்.

பிரசவம் பார்க்கப் படிக்கப் போகிறேன் என்றாள். "சேல வித்தவ பிள்ளப்பேறு பாக்கப் போறியாக்கும்" என்றான் பிரிட்டோ. விண்ணப்பத்தை அவனே நிரப்பியும் கொடுத்தான்.

நர்சிங் பள்ளியில் முதல் நாள் அவள் நுழைந்ததும், பதினெட்டு வயதுப் பிள்ளைகள் டீச்சர் வந்துவிட்டார் என்று எழுந்து நின்றார்கள். ஷைனி பழக்கதோஷத்தில், "உக்காருங்கம்மா, என்ன பாக்குறீங்க?" என்றாள். அந்தக் கேள்வி படிப்பு முடியும்வரை அவளுக்குப் பட்டப்பெயராக நின்றது.

பயிற்சிக்கு ஊர்ப்புறத்து அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் போட்டார்கள். அங்கே பிரசவ அறை மாயம்மாள் சிஸ்டரின் ராஜ்ஜியம். அவர் கண்பார்வையில் சொந்தக் கையால் பிரசவம் பார்த்து, குறிப்பேட்டில் அவர் கையெழுத்து வாங்க வேண்டும். அந்தக் கையெழுத்துப் பக்கம் காலியாகப் போனால் ஷைனி திரும்பவும் ஜவுளிக்கடைக்குத்தான் போக வேண்டும்.

அந்த நேரம் பார்த்து வாய் காட்டிக்கொடுத்தது. வடமதுரைப் பக்கத்துப் புவனேஸ்வரி இரண்டாவது பிள்ளை பெற்று, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் முடித்து வீட்டுக்குக் கிளம்பினாள். ஷைனி துணிப்பையை எடுத்துக் கொடுத்து, "மறுபடியும் வாங்க" என்றாள்.

புவனேஸ்வரியின் மாமியார் சின்னக்கண்ணு பையைக் கீழே வைத்தார். "ஆபரேசன் பண்ணியாச்சுன்னு சொன்னீக. இந்தப் பிள்ள மறுபடியும் வாங்கங்குது. அப்பப் பண்ணலையா?"

ஆபரேஷன் காகிதத்தை மூன்று முறை படித்துக் காட்டிய பிறகுதான் அவர் நகர்ந்தார். மாயம்மாள் ஷைனியைத் தடுப்பூசி அறைக்கு அனுப்பினார். "அங்க பச்சப்புள்ளைக. நீ என்ன சொன்னாலும் அதுகளுக்குப் புரியாது" என்றார்.

பயிற்சி முடிய மூன்று நாள் இருந்தது. குறிப்பேட்டில் அந்தப் பக்கம் இன்னும் காலி. அன்று மத்தியானம் புவனேஸ்வரி திரும்ப வந்தாள், பிரசவ வலி எடுத்த தங்கச்சி ஜீவிதாவைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு.

"அந்த மறுபடியும் வாங்க அக்கா எங்க?"

"அவ படிக்கிற பிள்ள. நான் பாத்துக்கிறேன்" என்றார் மாயம்மாள்.

"நீங்களே பாருங்க சிஸ்டர், வேணாங்கல. அவுகளும் கூட நிக்கட்டும். இங்க எங்கள வாங்கன்னு சொன்ன ஒரே ஆளு அவுகதான்."

மாயம்மாள் தடுப்பூசி அறைக்கு ஆள் அனுப்பி ஷைனியை வரவழைத்தார்.

"என்னால முடியல, நான் வீட்டுக்குப் போறேன்" என்று ஜீவிதா அழுதாள். ஷைனி அவள் இடுப்பை நீவிவிட்டபடி, "ஒண்ணும் அவசரமில்லம்மா, நிதானமா" என்றாள். மனசு வராத பெண்ணை அவசரப்படுத்தினால் எழுந்து போய்விடுவாள் என்பது கடைப் பாடம். இவளால் எழுந்து போக முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டரை மணி நேரம் ஷைனியின் குரல் ஏறவே இல்லை. மாயம்மாள் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு ஓரடி ஒதுங்கி ஷைனிக்கு இடம் விட்டார்.

"முன்னால வா. கையக் கீழ குடு."

தலை தெரிந்தது. ஜீவிதாவின் தோளைப் பிடித்திருந்த புவனேஸ்வரி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"திரும்பிப் பாருங்கம்மா" என்றாள் ஷைனி. "நான் ஒரு தடவ பாக்காம விட்டுட்டேன்."

புவனேஸ்வரி திரும்பினாள். பெண் குழந்தை வழுக்கிக்கொண்டு ஷைனியின் இரண்டு கையிலும் இறங்கியது. இத்தனை சூடாக இருக்கும் என்று எந்தப் புத்தகமும் அவளுக்குச் சொல்லவில்லை. துண்டால் துடைத்து முதுகைத் தேய்க்கத் தேய்க்கத்தான் அது அழுதது. ஷைனியும் அழுதாள். மாயம்மாள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

மூன்றாம் நாள் குறிப்பேட்டில் கையெழுத்து விழுந்தது. அக்காவும் தங்கச்சியும் குழந்தையோடு கிளம்பினார்கள். ஷைனி பையை எடுத்துக் கொடுத்துவிட்டு உதட்டை இறுக மூடிக்கொண்டு நின்றாள்.

"என்னக்கா, ஒண்ணும் சொல்ல மாட்டீகளா?" என்றாள் புவனேஸ்வரி.

ஷைனி மாயம்மாளைப் பார்த்தாள். அவர் எழுதிக்கொண்டிருந்த நோட்டிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னார்:

"சொல்லித் தொல. தங்கச்சிக்குத்தான் ஆபரேசன் பண்ணலையே."